உறுதிமொழியில் உள்ள அந்த வரியை எடுத்துவிடுங்கள்

தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்தின் தலைவருக்கும் பதிவாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உங்களைக் கவுன்சில் என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். 1991-ல் படிப்பை முடித்த கையோடு உங்களிடம் பதிவு செய்துகொண்டவள் நான். முப்பத்தொரு வருஷம் தென் மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன். அதில் பத்தொன்பது வருஷம் லேபர் வார்டு. பணியில் இருந்தபோது இப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தால் நடத்தை விதி என்று சொல்லி மறுநாளே விளக்கம் கேட்டிருப்பார்கள். ஓய்வுபெற்றுவிட்டேன், இனி யாரும் கேட்க முடியாது. அதனால் எழுதுகிறேன். நர்சிங் மாணவிகள் சொல்லும் உறுதிமொழியிலிருந்து மருத்துவருக்கு விசுவாசம் என்ற வரியை எடுத்துவிடுங்கள், நோயாளிக்காகப் பேசுகிற செவிலியரைக் காக்க வழி செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இன்றைக்கும் டியூட்டியில் இருந்துகொண்டு எழுத முடியாமல் இருக்கிற பிள்ளைகளுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டு வயது. வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுகிற வேலை. முதல் பிரசவம். ராத்திரி பதினோரு மணிக்கு வலியோடு வந்தாள், விடிகாலை நாலு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிஷத்துக்குள் கருத்தடைக்கான காப்பர் டி வைத்துவிடலாம் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். டியூட்டி டாக்டர் கை நீட்டினார். ஃபோர்செப்ஸை எடுத்துக் கொடுத்தது நான். அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அட்மிஷன் போடும்போது, வலி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம் நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்குவோம். அதில் ஒன்று இதற்கானது. அவள் எழுதப் படிக்கத் தெரிந்தவள்தான். படித்துப் பார்க்க யார் நேரம் கொடுத்தோம்?

மூன்று மாதம் கழித்து வந்தாள். ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று வெளியே ஸ்கேன் எடுத்திருக்கிறாள். உள்ளே காப்பர் டி இருப்பதே அங்கேதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தானாகப் போய் வைத்துக்கொண்டு மறைத்துவிட்டாள் என்று புருஷன் வீட்டில் பேச்சு. ரிப்போர்ட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வார்டு வாசலில் நின்றாள். கத்தவில்லை, அழவும் இல்லை. "சிஸ்டர், நீங்க பக்கத்துலதான நின்னீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"டாக்டர் வச்சதும்மா" என்றேன்.

அன்றைக்கு அவளை உட்காரவைத்து, எடுத்துவிட ஏற்பாடு செய்து, மாமியாரிடமும் பேசி அனுப்பினேன். ஆனால் நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தை இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. அது எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

அது விளக்கேற்றும் விழாவிலிருந்து வந்தது என்று இப்போது நினைக்கிறேன். உங்கள் எல்லாருக்கும் தெரிந்த விழாதான். முதலாண்டு மாணவிகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்போம். மூத்த சிஸ்டர் கையிலிருக்கும் விளக்கிலிருந்து ஒவ்வொருவராக மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்வோம். அப்புறம் நைட்டிங்கேல் உறுதிமொழி. பதினெட்டு வயதில், அப்பா அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, கை நடுங்க நடுங்கச் சொன்னது. அதில் ஒரு வரி இப்படிப் போகும்: மருத்துவரின் பணியில் அவருக்கு விசுவாசத்தோடு உதவ முயல்வேன், என் பொறுப்பில் விடப்பட்டவர்களின் நலனுக்கு என்னை ஒப்படைப்பேன். விசுவாசம் டாக்டருக்கு. நோயாளி அதே வரியில் இரண்டாவதாக வருகிறார்.

அந்த உறுதிமொழியை நைட்டிங்கேல் அம்மையார் எழுதவே இல்லை. 1893-ல் அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்து ஹார்ப்பர் மருத்துவமனையின் நர்சிங் பள்ளியில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவர் தலைமையில் ஒரு குழு எழுதியது. நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தின வார்த்தைகள். அன்றைக்கு நர்ஸ் என்றால் டாக்டர் சொன்னதைச் செய்கிறவள், அவ்வளவுதான். உலகச் செவிலியர் பேரவை 1953-ல் முதல்முதலாக நெறிமுறைகளை வகுத்தபோதும் மருத்துவரின் ஆணையை விசுவாசத்தோடு நிறைவேற்றுவது செவிலியரின் கடமை என்றுதான் எழுதினார்கள். 1973-ல் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். செவிலியரின் முதல் பொறுப்பு, பராமரிப்பு தேவைப்படுகிற மக்களிடம் என்று மாற்றி எழுதினார்கள். நான் விளக்கேற்றியது அதற்கெல்லாம் பல வருஷம் கழித்து. இருந்தும் என் வாயில் வந்தது 1893-ம் வருஷத்து வரி.

பரீட்சைக்கு நெறிமுறைகள் படித்தோம். நோயாளிக்கு நல்லது செய், கெடுதல் செய்யாதே, அவர் விருப்பத்தை மதி, எல்லாரையும் ஒன்றாக நடத்து. ஐந்து மதிப்பெண் கேள்வி. நோயாளிக்காகப் பேசுவது செவிலியரின் கடமை என்றும் எழுதி மதிப்பெண் வாங்கினோம். யாரிடம் பேசுவது, எப்போது பேசுவது, பேசினால் நமக்கு என்ன ஆகும் என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பேசினால் என்ன ஆகும் என்று எனக்கு 2000-களின் நடுவில் தெரிந்தது.

மதியம் சாதாரணப் பிரசவம் ஆன ஒரு அம்மா. மூன்றாவது குழந்தை. ராத்திரி எட்டரைக்கு முந்தின ஷிஃப்டிடமிருந்து ஹாண்டிங் ஓவர் வாங்கும்போது "நல்லா இருக்காங்க" என்றுதான் சொன்னார்கள். ஒன்பது மணிக்குக் கட்டில் கட்டிலாகப் போனபோது அவர் முகம் வெளுத்திருந்தது. பேச்சு கொடுத்தால் பதில் தாமதமாக வந்தது. போர்வையை விலக்கினால் பேட் முழுக்க நனைந்திருந்தது. அதை மாற்றிவிட்டு வயிற்றில் கை வைத்தேன். பிரசவம் ஆனபின் கர்ப்பப்பை கல் மாதிரி கெட்டியாகக் கையில் தட்டுப்பட வேண்டும். பிசைந்த மாவு மாதிரி இருந்தது. நாடி 124. பிரஷர் 90-க்கு 60. நாடி மேலேயும் பிரஷர் கீழேயும் போய் ஒன்றை ஒன்று தாண்டிவிட்டால் ரத்தம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிஷத்தில் இரண்டாவது பேடும் நனைந்துவிட்டது.

டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன். "அப்சர்வ் பண்ணுங்க சிஸ்டர், வரேன்" என்றார். வயிற்றைத் தடவிவிட்டுக்கொண்டே ட்ரிப் ஓடவிட்டேன், கர்ப்பப்பையை இறுக்குகிற ஆக்சிடோசின் போட்டேன், காலைத் தூக்கிவைத்தேன். இரண்டாவது தடவை போன். "சொன்னேன்ல?" என்றார். மூன்றாவது தடவை எடுக்கவில்லை. அவர் கெட்ட மனுஷர் இல்லை. முப்பத்தாறு மணி நேரம் தூங்காதவர் என்று எனக்கே தெரியும். ஆனால் கட்டிலில் கிடந்தவருக்கு அது தெரிந்து ஆகப்போவது என்ன? நான் சீஃபின், அதாவது எங்கள் பிரிவின் தலைமை டாக்டரின், வீட்டுக்கே போன் போட்டேன். பதினைந்து நிமிஷத்தில் வந்தார், உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார், நாலு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையும் மிஞ்சியது, உயிரும் மிஞ்சியது. எட்டாம் நாள் அந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனார்.

பத்தாம் நாள் எனக்கு மெமோ வந்தது. உரிய வழிமுறையைப் பின்பற்றாமல் மேலதிகாரியை நேரடியாகத் தொடர்புகொண்டது ஒழுங்கீனம், விளக்கம் தருக. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் எழுபது கிலோமீட்டர் தள்ளி மாற்றுப்பணி போட்டார்கள். என் பையன் அப்போது ஆறாம் வகுப்பு. காலை நாலரைக்கு பஸ். ஒன்றரை வருஷம் அப்படிப் போய்வந்தேன். அந்த ஒன்றரை வருஷத்தில் எங்கள் வார்டில் வேறு எந்த நர்ஸும் ராத்திரியில் சீஃபுக்குப் போன் செய்யவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்குக் கிடைத்த தண்டனையைவிட இதுதான் என்னைப் பயமுறுத்தியது.

காப்பர் டி வைத்த அன்று வாயை மூடிக்கொண்டு நின்ற என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்த அன்று மெமோ வந்தது. கவுன்சில் இதைப் பார்க்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

டாக்டர்களைக் குறை சொல்ல எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். "எனக்குத் தப்பாப் பட்டா சொல்லமாட்டேன்னு நினைக்காதீங்க, உங்களுக்குத் தப்பாப் பட்டா நீங்களும் ரவுண்ட்ஸ்லயே சொல்லுங்க" என்று பி.ஜி. படிக்கிற டாக்டர் பிள்ளைகள் முன்னால் எங்களிடம் சொன்ன சீஃப் ஒருவரிடம் நாலு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த நாலு வருஷத்தில் ஒரு நாள், கேஸ் ஷீட்டில் இன்சுலின் பத்து யூனிட் என்று எழுதும்போது ஒரு ஹவுஸ் சர்ஜன் பையன் யூனிட்டைக் குறிக்கும் ஆங்கில எழுத்தைப் பத்தோடு ஒட்டி எழுதிவிட்டான். பார்த்தால் நூறு போலவே இருந்தது. புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி சிரிஞ்சோடு என்னிடம் வந்து "அக்கா, நூறா?" என்று கேட்டாள். கேட்டதால் ஒருவர் பிழைத்தார். மறுநாள் சீஃப் அவளைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நன்றி சொன்னார். அதற்கப்புறம் அந்த வார்டில் சந்தேகம் வந்தால் எல்லாரும் கேட்டார்கள். ஒரு நல்ல மனிதர் இருந்தவரை நடந்தது. அவருக்கு மாற்றல் வந்ததும் நின்றுபோயிற்று. நல்ல மனிதர் வாய்க்க வேண்டும் என்று நோயாளி காத்திருக்க முடியாது. அதனால்தான் விதி வேண்டும் என்கிறேன்.

எங்களிடமும் தப்பு இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கடிதத்துக்கு மரியாதை இல்லை. வலியில் துடிக்கிறவளைத் தொடையில் அடிக்கிற கை நர்ஸின் கையாகவும் இருந்திருக்கிறது. "அப்ப மட்டும் இனிச்சுதா" என்று கேட்கிற வாய் எங்கள் வாயாகவும் இருந்திருக்கிறது. ஆண் குழந்தை என்றால் இவ்வளவு, பெண் என்றால் இவ்வளவு என்று வாசலில் நின்று வசூலிப்பதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. டாக்டரை எதிர்த்துக்கூடப் பேசிவிடலாம். கூடவே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுகிற அக்காவிடம் "அடிக்காதீங்க" என்று சொல்வது அதைவிடக் கஷ்டம். நான் ஒரே ஒரு தடவை சொன்னேன். ஆறு மாதம் அந்த அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் நான் இருக்கும் ஷிஃப்டில் அவர் கை நீளவில்லை.

அப்புறம் அந்தச் சிவப்பு எழுத்து. ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்றால் கேஸ் ஷீட்டின் முகப்பில் சிவப்பு மையில் பெரிதாக எழுதுவது, கட்டிலைக் கடைசி மூலைக்குத் தள்ளுவது. சாப்பாடு கொண்டுவருகிற ஆயா முதல் பக்கத்துக் கட்டில்காரரின் மச்சான் வரை எல்லாருக்கும் தெரிந்துவிடும். 2017-ம் வருஷத்துச் சட்டம் ஒருவரின் ஹெச்.ஐ.வி. விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சட்டம் வந்த பிறகும் சிவப்புப் பேனாவோடு நின்ற ஒரு ஸ்டாஃபைப் பார்த்திருக்கிறேன். அவளுக்குச் சட்டம் தெரியாது. யாரும் சொல்லவில்லை. ஒருநாள் பயிற்சியில் சரியாகிவிடுகிற விஷயம்.

சம்மதம் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், அதில்தான் செவிலியர் கை அதிகம் படுகிறது. சமீரா கோலி வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். டெல்லியில் 1995-ல் நடந்தது. வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்க மட்டும் சம்மதம் கொடுத்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தப் பெண்ணின் சம்மதம்தான் சம்மதம், அம்மாவின் சம்மதம் அதற்கு ஈடாகாது என்று சொன்னது. ஒன்றுக்குச் சொன்ன சரி இன்னொன்றுக்குச் செல்லாது என்றும் சொன்னது. இந்தத் தீர்ப்பை நாம் எத்தனை நர்சிங் பள்ளிகளில் பாடமாக வைத்திருக்கிறோம்? எங்கள் மருத்துவமனைகளில் கையெழுத்து வாங்க பேனாவோடு ஓடுகிறவர்கள் நாங்கள்தான். எதற்குக் கையெழுத்து என்று எங்களுக்கே ஒழுங்காகச் சொல்லப்படுவதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டில் எண்ணிக்கை இலக்கு கிடையாது என்று மத்திய அரசு 1996-லேயே அறிவித்துவிட்டது. ஆனால் மாதாந்திரக் கூட்டத்தில் "உங்க வார்டுல காப்பர் டி எத்தனை?" என்ற கேள்வி நான் ஓய்வுபெறும் வரை நிற்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இன்சார்ஜ் சிஸ்டர், வலியோடு நிற்கிறவளிடம் "வேணுமா வேணாமா, யோசிச்சுச் சொல்லும்மா" என்று எப்படிக் கேட்பார்?

இப்போது டியூட்டியில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நான் பார்த்த ராத்திரி டியூட்டிகளில் நாற்பது கட்டிலும் தரையில் பத்துப் பாயும் ஒரே நர்ஸிடம் இருந்தன. ஐம்பது பேரில் ஒருவர் முகம் வெளுப்பதைக் கண்ணால் பார்த்தால்தானே அவருக்காகப் பேச முடியும்?

பார்த்துவிட்டாலும், யார் பேசுவார்கள்? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. வழியாக வந்தவர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்த பிள்ளைகள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் ராத்திரி பகலாக உட்கார வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் பி.பி.இ. உடுப்புக்குள் வியர்த்து வேலை பார்த்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருத்தி, ராத்திரி ஒன்பதரைக்கு சீஃபின் வீட்டுக்குப் போன் போடுவாள் என்று எதிர்பார்க்க எனக்கு வாய் வரவில்லை. சம்பளக் கோரிக்கையும் நோயாளியின் பாதுகாப்பும் வேறு வேறு விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு ராத்திரி வந்து வார்டில் நின்று பார்க்கட்டும்.

செவிலியர் நோயாளிக்காகப் பேசலாமா, அந்தத் தகுதி உங்களுக்கு இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றம் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அருணா ஷான்பாக் நம்மில் ஒருவர். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர். 1973 நவம்பர் 27-ம் தேதி வேலைசெய்த இடத்திலேயே தாக்கப்பட்டு, மூளைக்குக் காற்றுப் போகாமல், அதற்கப்புறம் நாற்பத்தொரு வருஷத்துக்கும் மேலாக அதே மருத்துவமனையில் ஒரு கட்டிலில் கிடந்தார். குடும்பம் விலகிய பிறகு அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டவர்கள் அங்கேயிருந்த செவிலியர்கள். ஒரு தலைமுறை ஓய்வுபெற்றுப் போக, அடுத்த தலைமுறை கையில் எடுத்துக்கொண்டது. அத்தனை வருஷத்தில் அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. படுக்கையில் கிடக்கிற ஒருவரை ஒரு வாரம் பார்த்துக்கொண்டவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பகலும் இரவும், யாரோ ஒருத்தி அவரைப் புரட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அருணாவை இறக்க அனுமதிக்க வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி வழக்குத் தொடுத்தார். கே.இ.எம். ஊழியர்கள் வேண்டாம் என்றார்கள். 2011 மார்ச் 7 தீர்ப்பில் நீதிமன்றம், அருணாவின் சார்பில் பேசும் உரிமை உள்ள நெருங்கிய நண்பர்கள் அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்கள்தான் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பின் மற்ற பகுதிகளில் எனக்கே இரண்டு மனசு உண்டு. ஒரு மனுஷி அந்த நிலையில் அத்தனை காலம் இருக்கத்தான் வேண்டுமா என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிட என்னால் முடியாது. ஆனால் பேச முடியாத ஒருவருக்காகப் பேசுகிற உரிமை, அவரைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டவர்களுக்கு உண்டு என்று நாட்டின் மிகப்பெரிய நீதிமன்றம் சொன்னதை நாம் ஏன் ஒரு சுவரில்கூட எழுதி வைக்கவில்லை?

வெளிநாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்றும் நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் கெர்மிட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு டாக்டரின் சிகிச்சையால் நோயாளிகளுக்கு ஆபத்து என்று ஆன் மிட்செல், விக்கிலின் கேல் என்ற இரண்டு செவிலியர்கள் 2009-ல் பெயர் போடாமல் மருத்துவ வாரியத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த டாக்டரின் நண்பரான ஷெரிஃப், எழுதியது யார் என்று தேடிக் கண்டுபிடித்தார். இரண்டு பேருக்கும் வேலை போயிற்று, மேலே கிரிமினல் வழக்கு வேறு. 2010 பிப்ரவரியில் மிட்செல் குற்றமற்றவர் என்று ஒரு மணி நேரத்துக்குள் ஜூரி சொல்லிவிட்டார்கள். இன்னொருவர் மீதான வழக்கை அதற்கு முன்பே கைவிட்டிருந்தார்கள். பின்னால் அந்த டாக்டரும் ஷெரிஃபும்தான் தண்டனை பெற்றார்கள்.

அதே டெக்ஸாஸில் நமக்கு வேண்டிய ஒரு ஏற்பாடும் இருக்கிறது. அங்கே ஒரு செவிலியருக்கு, தன்னிடம் சொல்லப்பட்ட வேலை நோயாளிக்கு எதிரானது என்று பட்டால், அந்த வேலையைத் தொடங்கும் முன் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். நல்ல எண்ணத்தோடு அப்படி எழுதிக் கொடுத்தவர்மேல் மருத்துவமனை பழிவாங்கக் கூடாது. அவருடைய பதிவிலும் கை வைக்க முடியாது. அவர் எழுப்பிய கேள்வியைச் சக செவிலியர்கள் கொண்ட ஒரு குழு விசாரிக்கும். புயலில் படகுகள் ஒதுங்குகிற துறைமுகம் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நமக்கும் அப்படி ஒரு படிவம் வேண்டும். ஒரு பக்கம் போதும். நேரம், நோயாளியின் ஐ.பி. (உள்நோயாளி) எண், என்ன சொல்லப்பட்டது, எனக்கு ஏன் சந்தேகம், யாரிடம் சொன்னேன், என்ன பதில் வந்தது. ஒரு நகல் கேஸ் ஷீட்டில், ஒன்று செவிலியர் கண்காணிப்பாளரிடம், ஒன்று நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ.விடம், ஒன்று எழுதியவர் கையில். படிவம் கொடுத்தவரை அடுத்த ஒரு வருஷத்துக்கு அவர் கேட்காமல் மாற்றுப்பணியில் அனுப்பக் கூடாது. அனுப்ப வேண்டுமானால் காரணத்தைக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். டியூட்டி டாக்டர் பதினைந்து நிமிஷத்தில் வராவிட்டால் அடுத்த நிலை டாக்டரை நர்ஸே கூப்பிடலாம், அது ஒழுங்கீனம் ஆகாது என்று ஒவ்வொரு வார்டிலும் தொலைபேசிக்கு மேலே எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

மெமோவும் இடமாறுதலும் எங்கள் கையில் இல்லை, அது டி.எம்.எஸ்., டி.எம்.இ. (மருத்துவக் கல்வி இயக்ககம்) வேலை என்று நீங்கள் சொல்வீர்கள். சரி. ஆனால் 1926-ம் வருஷத்துச் சட்டத்திலிருந்து எங்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதும் நீக்குவதும் உங்கள் கையில்தானே இருந்துவந்திருக்கிறது? தப்புச் செய்தவள் பெயரை நீக்கும் அதிகாரம் உள்ள ஒரு அமைப்பு, சரியாகச் செய்து மெமோ வாங்கியவளுக்காக அரசுக்கு ஒரு கடிதம் எழுதினால் அதற்கு மதிப்பு இருக்கும். என் மெமோவுக்கு நான் விளக்கம் எழுதிய அன்று, இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும் என்று உங்களால் நினைத்துப் பார்க்க முடியுமா? அன்றைக்கு உங்களுக்கு எழுதலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பதிவைப் புதுப்பிக்கும்போது தவிர கவுன்சில் என்ற ஒன்று எங்கள் ஞாபகத்திலேயே இருந்ததில்லை.

இப்போது நேரமும் வாய்த்திருக்கிறது. 1947-ம் வருஷத்து இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய நர்சிங், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. நெறிமுறைக்கும் பதிவுக்கும் என்று தனி வாரியம் அதில் உண்டு. மாநிலங்களுக்கும் ஆணையங்கள் உண்டு. புது விதிகள் எழுதும்போது, செவிலியர் செய்யக் கூடாதவை என்ற நீண்ட பட்டியலோடு சேர்த்து, நோயாளிக்காகப் பேசிய செவிலியரை எப்படிக் காப்பது என்று ஒரு அத்தியாயமும் எழுதச் சொல்லித் தமிழ்நாட்டிலிருந்து குரல் போகட்டும். 1871-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியைத் தொடங்கிய ஊர் நம்முடையது. கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

விதிகள் வர வருஷக்கணக்காகலாம். உறுதிமொழியை மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். மருத்துவருக்கு விசுவாசம் என்ற வரியை எடுத்துவிடுங்கள். என் முதல் பொறுப்பு என் நோயாளியிடம், அவருக்குக் கெடுதல் என்று எனக்குப் பட்டால் வாய் திறந்து சொல்வேன் என்று தமிழில், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அப்பா அம்மாவுக்கும் புரிகிற மாதிரி, ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அடுத்த விளக்கேற்றும் விழாவுக்கு முன்னால் செய்யுங்கள். என் அண்ணன் மகள் இந்த வருஷம் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். போன வாரம் என்னிடம் வந்து உறுதிமொழியை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினாள். அந்த வரி வந்தபோது நான் நிறுத்தச் சொல்லவில்லை. பள்ளியில் அதைத்தானே சொல்லச் சொல்வார்கள்.

மேலே சொன்ன படிவத்தின் மாதிரி ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். பணியில் இருக்கும் ஏழெட்டு ஸ்டாஃபிடம் காட்டித் திருத்தியும் இருக்கிறேன். எந்த நாள் வரச் சொன்னாலும் பஸ் ஏறிச் சென்னைக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
லேபர் வார்டில் பத்தொன்பது வருஷம் இருந்த, ஓய்வுபெற்ற ஒரு செவிலியர்